சாக்கடை வரைபடம் உள்ள உலகம்

பஞ்சு தரம் பார்க்கிற நாச்சிமுத்துவுக்கு எந்தப் பொருளைக் காட்டினாலும் முதலில் குறைதான் கண்ணில் படும். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மில்லுக்கு வருகிற பஞ்சுப் பேலைப் பிரித்து, ஒரு கொத்துப் பஞ்சை விரல்களுக்கு நடுவே இழுத்துப் பார்த்து, "தூசி", "இலை", "நீளம் பத்தாது" என்று திருப்பி அனுப்புவதுதான் அவர் பிழைப்பு. அதை மில் வாசலோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். மனுஷன் வீட்டுக்கும் கொண்டு வந்தார், சினிமாவுக்கும் கொண்டு போனார், கல்யாணப் பந்திக்கும் கொண்டு போனார். பாயசத்தைக் குடித்துவிட்டு "மோசமில்லை" என்றால் அன்றைக்குச் சமையல்காரர் நிம்மதியாகத் தூங்கலாம். அதற்கு மேல் ஒரு பாராட்டு அவர் வாயிலிருந்து வந்ததாகக் கோயமுத்தூரில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெகதீசனின் பம்புசெட் கடை மாடியில் கூடுகிற கூட்டத்துக்கு இவர்தான் நாட்டாமை. ஊர் நாட்டாமை இல்லை, மேஜை விளையாட்டுக்கு நாட்டாமை. விளையாட்டு இதுதான்: கதை நடத்துகிறவர், "காடு இருக்குது, ஓடை இருக்குது, ஓடைக்கு அந்தப் பக்கம் என்னமோ உறுமுது" என்று சொல்லுவார். மற்றவர்கள் வில்லாளி, சூனியக்காரி, திருடன் என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, "நான் ஓடையைத் தாண்டறேன்" என்பார்கள். தாண்டினார்களா, வழுக்கி விழுந்தார்களா என்பதைப் பகடை சொல்லும். உலகத்தில் எல்லா மேஜையிலும் அந்தப் பக்கம் உறுமுவது பூதமாகவோ டிராகனாகவோ இருக்கும். நாச்சிமுத்து நடத்தினால் அது டீசல் எஞ்சினாக இருக்கும்.

பல் டாக்டர் ஹேமலதா ஒரு மழைக்காலம் முழுக்கச் சூனியக்காரியாக இருந்தும் நாச்சிமுத்து ஒரு மந்திரம்கூடப் போட விடவில்லை. குடிசைக்கு வரி கட்டவில்லை என்று தாலுகா ஆபீசுக்கும் வீட்டுக்கும் அலைய விட்டார். வக்கீல் இர்பான் தளபதியாக இருந்தபோது படைக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று கேட்டே போரை நிறுத்திவிட்டார். அவர்களும் எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பார்கள்? அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெகதீசன், பம்பு அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே போட்டிருந்த மேஜையின் மேல் ஒரு சின்னப் பெட்டியையும், வழவழவென்று ஒரு தடித்த புத்தகத்தையும் கொண்டுவந்து வைத்தார். அட்டையில் ஒரு டிராகன் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மேலே "அக்கரை" என்று எழுதியிருந்தது.

வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். காரணம் இருந்தது.

அக்கரை என்பது ஒரு கம்பெனி. விபத்தோ பக்கவாதமோ வந்து உடம்பு மட்டும் கட்டிலில் கிடக்கிறவர்களின் நினைவை, கணினிக்குள் கட்டிய ஓர் உலகத்தில் குடிவைப்பது அவர்கள் தொழில். இங்கே கண் திறக்காதவர் அங்கே நடப்பார், சமைப்பார், பக்கத்து வீட்டோடு சண்டை போடுவார். சொந்தக்காரர்கள் தருகிறது கட்டுப்படியாகவில்லை என்று சமீபமாக அந்த உலகங்களை விளையாட்டு மேஜைகளுக்கும் திறந்துவிட்டார்கள். மேஜையில் நாட்டாமை மழை என்றால் உள்ளே மழை. பகடை விழுகிறபடி உள்ளே நடக்கும். உள்ளே இருக்கிறவர்கள் பேசுவது பெட்டி வழியாகக் கேட்கும். நாச்சிமுத்துவின் மனைவி வேணி மூளையில் ரத்தக்குழாய் வெடித்து நாலு வருஷமாக அக்கரையின் இல்லத்தில்தான் படுத்திருக்கிறாள். அது அந்த மேஜைக்குத் தெரியும். எந்த உலகத்தில் இருக்கிறாள் என்று தெரியாது. கேட்டால் கடித்துக் குதறிவிடுவார் என்று யாரும் கேட்டதில்லை.

"படுத்துக் கெடக்கறவங்கள வெச்சுப் படம் காட்டறானுக" என்றார் நாச்சிமுத்து, புத்தகத்தைத் தொடாமலே.

"உள்ள இருக்கறவங்க கேட்டு வாங்கினதுங்ணா இது" என்றார் இர்பான். "ஒருத்தருமே வராத ஊர்ல எத்தன நாளைக்குக் குந்தியிருப்பாங்க? ஆளுக வந்தா அவங்களுக்கும் பொழுது போகுமல்ல?"

சரி, பார்த்துத் தொலைக்கலாம் என்று புரட்டினார். பிடித்துக்கொண்டது சனியன். மிதக்கும் தீவுகளாம், குழாய்த் தண்ணீர் எப்படி ஏறும் என்று கேட்டார். எல்லோரும் இளவரசர்களாக இருக்கிற ராஜ்யமாம். அப்போது அண்டா கழுவுவது யார் என்று கேட்டார். எலும்புக்கோட்டை என்ற ஒன்றைப் பார்த்துவிட்டு, இத்தனை எலும்புக்கு எத்தனை ஆள் செத்திருக்க வேண்டும், அந்த ஊரில் வாடகைக்கு யார் குடிவருவான் என்றார். ஜெகதீசன் ஆசையாக நாகமலையைத் திறந்து காட்டினார். புத்தகத்திலேயே பெரிய உலகம் அதுதான். அதன் கணவாயில் ஒரு டிராகன் உட்கார்ந்திருக்கிறதாம், வருகிறவர்களை ஒரே ஒரு கேள்வி கேட்கிறதாம், சரியான பதிலை இதுவரை எந்த மேஜையும் சொன்னதில்லையாம். உள்ளே போக மேஜைகள் வரிசையில் நிற்கின்றனவாம்.

"அது தின்னறது எத்தன மாடு, அள்ளறது எத்தன வண்டி, அதைச் சொல்லச் சொல்லு மொதல்ல" என்றார் நாச்சிமுத்து. கேள்வி என்ன என்று கேட்கக்கூட இல்லை. பெரிய அறிவாளி.

புரட்டிக்கொண்டே போனவர் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார். படம் எதுவும் இல்லாத பக்கம் அது. பொடி எழுத்தில் நாலைந்து பெயர்கள். அதில் ஒன்று மழையூர். கீழே, இந்தப் பருவத்தில் எந்த மேஜையும் எடுக்காத உலகங்கள் அணைக்கப்படும் என்று இருந்தது. அணைப்பது என்றால் என்ன என்று இர்பானைக் கேட்டார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது, ஆனால் மற்றவர்கள் கவனிக்கவில்லை.

"உடம்பு மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும்" என்றார் இர்பான். "உள்ள யாரும் இருக்க மாட்டாங்க."

மழையூரை வேணிக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது இவர்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் அக்கரை ஆபீசில் இதே போன்ற ஒரு புத்தகத்தை முன்னால் வைத்து, உங்கள் மனைவி எங்கே இருக்க விரும்புவார் என்று ஒரு பெண் கேட்டாள். வேணிக்கு மாயாஜாலப் படம் என்றால் உயிர். பறக்கும் கம்பளம் வந்தால் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாள், இவர் பக்கத்தில் உட்கார்ந்து கம்பளத்தைத் தூக்குகிற கயிறு எங்கே தெரிகிறது என்று விரலை நீட்டிக் காட்டுவார். அதெல்லாம் தெரிந்த மனுஷன்தான். தெரிந்தும், இருக்கிற உலகங்களிலேயே நியாயமான உலகம் எது என்று அரை நாள் அலசி மழையூரைப் பிடித்தார். ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு வாரச்சந்தை, ஒரு டாக்கீஸ், எந்நேரமும் பொடித் தூறல். புத்தகம் முழுக்க வரைபடத்தில் சாக்கடை எங்கே போகிறது என்று காட்டியிருந்த ஒரே உலகம் அதுதான். பெண்டாட்டியின் மிச்ச வாழ்க்கைக்கு அவர் பார்த்த பொருத்தம் அது. "மோசமில்லை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு அக்கரையிலிருந்து அவ்வப்போது ஃபோன் வரும். எடுத்தால் முதலில் ஒரு டிராகன் உறுமும், அப்புறம்தான் ஆள் பேசும். விளம்பரம் என்று உறுமலோடு துண்டித்துவிடுவார். ஒரு முறைகூட உறுமல் முடிகிற வரை காத்திருந்தது கிடையாது. சொந்தக்காரர்கள் உள்ளே நேராகப் பேசக் கம்பெனி விடுவதில்லை. பேசினால் இரண்டு பக்கமும் அழுது உள்ளே எல்லாம் குழம்பிவிடுகிறதாம். மேஜையோடு போகலாம். அப்படிப் போயிருக்கலாமே என்றால், போகவில்லை. பொம்மை விளையாட்டு என்று திட்டிக்கொண்டு இருந்தார். உள்ளுக்குள் பயம். பெட்டி வழியாக வேணி பேசினால் என்ன பதில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மில் மேனேஜரிடம் ஆயிரம் பேசுவார், அவளிடம் பேச மட்டும் வாய் வராது.

"மழையூர எடுக்கலாம்" என்றார்.

மூன்று பேரும் சிரித்தார்கள். அவரும் விடாமல் மற்ற உலகங்களை ஒவ்வொன்றாக மறுபடியும் நாறடித்துப் பார்த்தார். நாகமலைக்கு டிராகனின் மூத்திர நாற்றம் வரை போனார். ஆடத் தெரியாதவனுக்கு மேடை கோணல் என்று ஜெகதீசன் முனகினார். ஹேமலதா பொறுமையாக, இத்தனை வருஷம் உங்கள் தாலுகா ஆபீசில் நின்று கால் வீங்கியாயிற்று, ஒரே ஒரு பருவம் எங்களையும் பறக்க விடுங்கள் என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. கை தூக்கச் சொன்னார்கள். நாகமலைக்கு மூன்று கை.

நாச்சிமுத்து மேஜையின் மேல் கிடந்த பகடையை எடுத்து, பஞ்சை இழுப்பது போல விரல்களில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"வேணி அங்கதான் இருக்கறா" என்றார். "மழையூர்ல."

கீழே கடையில் யாருக்கோ மோட்டார் ஓட்டிக் காட்டுகிற சத்தம் வந்தது. ஜெகதீசன் நாகமலைப் பக்கத்தை மெதுவாக மூடினார். இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன என்று திட்டிக்கொண்டே பெட்டியை இழுத்து மழையூருக்குத் திருப்பினார். இர்பான் மட்டும் தொழில் புத்தியில் ஒன்று சொல்லிவைத்தார்: பெட்டியின் பச்சைப் பொத்தானை அழுத்துகிற வரை உலகத்தை மாற்றிக்கொள்ளலாம், அழுத்தியாகிவிட்டால் பருவம் முழுக்க அதுதான்.

பெட்டியில் முதலில் தூறல் சத்தம் கேட்டது. நாச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் ஒரு வண்டி வந்து நிற்கிறது, மூன்று பேர் இறங்குகிறார்கள் என்றார். உள்ளே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. வேடிக்கை பார்க்க ஆட்கள் ஓடிவருவதும் கேட்டது. இத்தனை பேர் ஓடிவருவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆளாளுக்கு எங்கிருந்து வருகிறீர்கள், சாப்பிட்டீர்களா, எத்தனை நாள் இருப்பீர்கள் என்று மொய்த்துக்கொண்டார்கள். வில்லாளி ஜெகதீசனுக்கு வெட்கமாகப் போய்விட்டது, வில்லை எங்கே வைப்பது என்று கேட்டார்.

நாட்டாமை கதையைச் சந்தை வழியாகத் திருப்பி, வடக்குத் தெருவில் மூன்றாவது வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்த விலாசம் நாலு வருஷமாக அவர் மனதில் இருந்தது. ஹேமலதாவைக் கதவைத் தட்டச் சொன்னார். பகடைகூட உருட்டச் சொல்லவில்லை. தட்டிய சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக் கதவுதான் திறந்தது.

பேசியவள் பெயர் ஸ்டெல்லா. வெளியே நர்சாக இருந்தாளாம், டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும்போது லாரி தட்டிவிட்டதாம். உள்ளே வந்து இரண்டு வருஷம் ஆச்சு என்று, ஊர் மாற்றி வந்தவள் சொல்வது போலச் சொன்னாள்.

"வேணியக்காளுங்களா? அவங்க போயி ரொம்ப நாளாச்சுங்களே" என்றாள்.

நாச்சிமுத்துவின் முகம் வெளுத்துவிட்டது. ஹேமலதா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே போனாங்க என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டாள்.

"வேற உலகத்துக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாங்க. நாகமலைக்கு. அங்க அவங்க டிராகனா இருக்கறாங்க." ஸ்டெல்லா சிரித்தாள். "இந்தத் தூறல் ஆகவே ஆகாதுன்னுட்டாங்க. வீட்டுக்காரருக்கு ஃபோன் மேல ஃபோன் போட்டாங்களாம் கம்பெனியில, மாத்தலாமான்னு கேக்கறதுக்கு. எடுத்த ஒடனே வெச்சிடறாராம். அப்பறம் அவங்களே கையெழுத்துப் போட்டுட்டாங்க."

சிரிக்க வேண்டிய இடம்தான். ஊரில் உள்ள டிராகனை எல்லாம் நாறடித்தவர், கட்டினவளுக்காக வந்த ஃபோனையும் டிராகன் உறுமல் என்று துண்டித்திருக்கிறார். ஆனால் மேஜையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெகதீசன்கூட.

அங்கே டிராகன் என்ன கேள்வி கேட்கிறது என்று நாச்சிமுத்து மெல்லக் கேட்டார். அன்றைக்கு மத்தியானம் என்னவென்றுகூடக் கேட்காமல் அவர் தள்ளிவிட்ட கேள்வி. அது எனக்கும் தெரியாது என்று ஸ்டெல்லா சொன்னாள். இங்கே இருந்தபோது அவர்கள் எல்லோரையும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு, ஒருவேளை அதுவாக இருக்கும். என்ன அது என்றதற்கு, "உங்களுக்கு எதுதானுங்க புடிக்கும்?" என்று வேணியைப் போலவே இழுத்துச் சொல்லிக் காட்டினாள். வீட்டுக்காரரைக் கேட்டுப் பதிலே வராமல் பழகிப்போன கேள்வியாம் அது.

கேள்வி அவருக்குப் புதிதில்லை. சட்டை எடுத்துக் காட்டினாலும், குழம்பு ஊற்றினாலும், சினிமா விட்டு வரும்போதும் வேணி கேட்டது அதைத்தான். அவள் கோபித்துக் கேட்டதே கிடையாது. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டாள்.

இர்பான் பெட்டியின் ஒலியைக் குறைத்தார். நேரம் இருக்கிறது, இப்போதே நாகமலைக்கு மாற்றிவிடலாம் என்றார். "போயிப் பாருங்ணா" என்றாள் ஹேமலதா. ஜெகதீசன் ஏற்கெனவே புத்தகத்தைத் திறந்து நாகமலையை எடுத்து வைத்துவிட்டார். நாச்சிமுத்து கையை நீட்டினார். உண்மையைச் சொல்ல வேண்டும், நீட்டினார். நாலு வருஷம் வாய் வராமல் இருந்தவருக்கு அந்த நிமிஷம் சொல்வதற்கு அவ்வளவு இருந்தது.

ஒலி குறைவாக இருந்தாலும் பெட்டியில் ஸ்டெல்லா பேசிக்கொண்டிருந்தது கேட்டது. பஜ்ஜி போடுகிறேன், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். வெளியாள் வந்து எத்தனை காலம் ஆயிற்று என்று பின்னால் ஒரு கிழட்டுக் குரல் சொன்னது. அணைக்கப்போகிற சங்கதி அவர்கள் யாருக்கும் தெரியவில்லை. கம்பெனிக்காரன் அவர்களுக்குச் சொல்லியிருப்பானா என்ன.

"அடுத்த வாரமும் வருவீங்கல்ல?" என்றாள் ஸ்டெல்லா.

நாச்சிமுத்து கையை எடுத்துக்கொண்டார். இந்த ஊரையும் யாரோ ஒருவர் தன் ஆளுக்காக, மோசமில்லை என்று சொல்லித் தேர்ந்தெடுத்திருப்பார். ஸ்டெல்லாவின் கட்டில் பக்கத்திலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். நாகமலைக்கு வரிசையில் நிற்கிறார்கள், அதை யாரும் அணைக்க மாட்டார்கள், வேணிக்கு ஒரு குறையும் வராது. அவளைப் பார்க்க இன்னும் ஒரு பருவம் காத்திருக்கலாம், இத்தனை நாள் அவள் காத்திருந்தாளே. நினைப்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. ஒலியைக் கூட்டினார்.

"வருவோமுங்க" என்றார். "உங்க ஊர்ல என்ன நடக்கோணும், சொல்லுங்க. கதை நடத்தறவன் நானுதான்."

உள்ளே கசமுசவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு ஸ்டெல்லா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்க சார். ஒரு டிராகன் கொண்டாந்து விட முடியுங்களா?"

ஜெகதீசன் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நாச்சிமுத்து பச்சைப் பொத்தானை அழுத்தினார். அழுத்திவிட்டு எழுந்து நின்றார். எந்த ஆட்டத்திலும் அவர் எழுந்து நின்றதில்லை.

மேற்கே தூறல் விலகுது என்றார். பஸ் ஸ்டாண்டு மேல ஒரு நிழல் விழுது என்றார். பழக்கம் விடாது, கழிவு விழுந்தால் வடக்குத் தெருச் சாக்கடை தாங்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஆனால் இறக்கை விரிவதைச் சொல்லும்போது அவர் கைகளும் விரிந்தன. பம்பு அட்டைப்பெட்டி ஒன்று தட்டிக் கீழே விழுந்தது, அவர் பார்க்கவில்லை. உள்ளே கூச்சலும் விசிலும் கிளம்பின. அந்தக் கிழட்டுக் குரல்தான் எல்லோரையும்விடப் பலமாக விசில் அடித்தது. டிராகன் டாக்கீஸ் கூரையில் வந்து உட்கார்ந்தது. ஓடு நொறுங்கியது. வில்லாளி அம்பைப் பூட்டினார், பகடையை உருட்டத் தயாராக எடுத்தார். டிராகன் ஏதோ பேசப்போகிறது என்றார் நாட்டாமை. ஊர் அடங்கியது.

அவருக்கு டிராகனைத் திட்டத் தெரியும், டிராகனாகப் பேசத் தெரியாது. வாயைத் திறந்தார், அதுவாக வந்தது.

"உங்களுக்கு எதுதானுங்க புடிக்கும்?"

இழுப்புகூட அவளுடையதாகவே இருந்தது. ஜெகதீசன் பகடையை உருட்டவில்லை. கேட்டது அவர்களைத்தான், ஆனால் மூன்று பேருமே பதில் சொல்ல மாட்டோம் என்பது போல நாச்சிமுத்துவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணியத்தான்" என்றார் அவர். "எனக்கு வேணியத்தான் புடிக்கும். அவகிட்டச் சொன்னதேயில்லை."

பிறகு ஸ்டெல்லாவின் குரல், கூரையைப் பார்த்துக் கத்துவது போல வந்தது.

"யாரு பேசினது? டிராகனுங்களா?"

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆமாங்க" என்றார். "டிராகன்தான்."

ஹேமலதா பகடையை ஜெகதீசன் கையிலிருந்து வாங்கி, முதல் உருட்டு சூனியக்காரியுடையது என்றாள்.